எட்டாம் குளத்து அட்டைகள் பருத்தது பற்றி

அனுப்புநர்:
ஹாவ் குய்ஜென்,
ஏழாம் எண் கடல் அட்டைக் குளம்,
ஷிபெய் கிராமம், லியாவோநிங்.

பெறுநர்:
வட்ட மீன்வள அலுவலர் அவர்கள்.

பொருள்: எட்டாம் எண் குளத்தில் இடப்படும் சத்துத்தூளைச் சோதித்து ஆணை பிறப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எட்டாம் குளம் லுவான் மெய்ஷியாங் என்பவருடையது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கரைதான். ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஒரே நாளில் விட்டோம். கோடை பிறந்தபோது அவருடையவை உள்ளங்கை நீளம், என்னுடையவை சுண்டுவிரல். பொறாமை என்பார்கள். ஆம் ஐயா, வயிறு எரியத்தான் செய்கிறது.

2. வசந்தம் முழுக்க மாலைதோறும் அவர் ஒரு பழுப்புத்தூளைத் தூவினார். கடற்பாசியும் பூண்டும் மணந்தது. கேட்டதற்கு, "சும்மா சத்துத்தூள்தான் அக்கா. வெறும் சேத்தைத் தின்னா அதுங்க எப்படித் தேறும்?" என்று சிரித்தார். உடனிருந்த என் மாமியார், குளிர்காலத்தில் உடம்புத் தெம்புக்காக எங்கள் ஊர் வழக்கப்படி நாளுக்கொன்றாக எண்பத்தொரு நாள் சாப்பிடும் அட்டைகளை, "இந்த வருஷம் மெய்ஷியாங்கிட்டயே வாங்கிடு" என்று அங்கேயே சொல்லிவிட்டார். அட்டை வளர்ப்பவள் வீட்டில், ஐயா!

3. ஜூலையில் அவர் கொட்டகையிலிருந்து அந்தத் தூளில் ஒரு மூட்டை என்னால் எடுத்துவரப்பட்டது. திருட்டு அல்ல, பரிசோதனைக்காக. அவரை முந்திவிடும் அவசரத்தில் முழு மூட்டையையும் ஒரே மாலையில் என் குளத்தில் கொட்டினேன். கோடையில் அட்டைகள் தூங்கும், எதையும் தின்பதில்லை என்று இருபது வருடம் குளம் வைத்திருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று புத்தியில் உறைக்கவில்லை. தூள் அடியில் அழுகியது. நீர் கெட்டால் செய்வதுபோல, அட்டைகள் தம் குடலையே வெளியே கக்கின.

4. முதலில் ஓடிவந்தவர் மெய்ஷியாங்தான். மதகைத் திறந்து, இடுப்பளவு நீரில் மூன்று நாள் என்னோடு நின்று அழுகலை வாரினார். பூண்டு நாற்றம் ஊரையே தூக்கியது. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் என் புகாரில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

5. பாதி பிழைத்தன. புதுக்குடல் முளைத்து, இப்போது விழித்தும்விட்டன. முந்தாநாள் என் வாசலில் ஒரு மூட்டை இருந்தது. எந்த மாதம் எத்தனை பிடி என்று அவர் கையெழுத்தில் ஒரு தாள். ஜூலைக்கு நேரே, "வேண்டாம் அக்கா".

ஆகவே, அத்தூளைச் சோதித்து, நல்லதென்றால் ஏழாம் குளத்தில் இடும்படி எனக்கு எழுத்து மூலம் ஆணையிட வேண்டுகிறேன். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. ஆணை வந்தால் அரசு சொல்லிப் போட்டதாக இருக்கும், அவள் கொடுத்துப் போட்டதாக இராது. சீக்கிரம் அனுப்புங்கள் ஐயா. அட்டைகள் பட்டினி கிடக்கின்றன.

இடம்: ஷிபெய்
நாள்: அக்டோபர் 9

இவண்,
ஹாவ் குய்ஜென்