ரசீதில் அம்மா பெயர்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. ஏழு மணி பஸ், நெய்யாற்றின்கரை வரை உட்கார இடம். அதிசயம்.

ஆபீஸில் வருமான வரிக்கு ரசீதுகள் கொடுக்க திங்கள் கடைசி நாள். பக்கத்து சீட் ஷீபா தன் இரண்டு பையன்களின் ஸ்கூல் பீஸ் ரசீதுக்கும் தனித்தனி கிளிப் போட்டாள். ஒரு கிளிப் போதாதா? என்னிடமும் ஒன்று உண்டு. ஜின்சிக்குக் கட்டியது. அதே ஸ்கூல், அதே பீஸ். கணக்கு பார்க்கும் சார் திருப்பித் தந்தார்.

"கிரேஸே, சொந்தப் பிள்ளை, இல்லேங்கி தத்தெடுத்த பிள்ளை. வளக்கத் தந்த பிள்ளைக்கு வரிக் கழிவு கிடையாதாக்கும். ரசீதிலும் அம்மா வேற ஆளாக்குமே."

ஒன்றரை வருஷமாகப் பேன் பார்ப்பது யாராம்? ரசீதில் 'அம்மா: ஸ்டெல்லா' என்று போட்டிருக்கிறது. ஷீபா மேல் பொறாமை. ஸ்டெல்லா மேல் அதைவிட.

ஜனவரி 8, வியாழன்

வாங்க: தேங்காய் எண்ணெய், ஜின்சிக்கு ஸ்கேல். கரண்ட் பில்.

எழுந்ததுமே ஜின்சி, "ரண்டு நாளில அம்மா வரும்." பொழியூரில் வீட்டைக் கடல் எடுத்து, ஸ்டெல்லாவும் நோயில் விழுந்தபோது குழந்தைகள் நலக் கமிட்டிக்காரர்கள் பிள்ளையை வளர்க்க என்னிடம் விட்டார்கள். இரண்டாம் சனி தோறும் நாலு மணி நேரம் வருகிறவள் அம்மா. மற்ற நாளெல்லாம் தலை பின்னுகிறவள் ஆன்ட்டி.

மத்தியானம் ஸ்கூல் ஆபீஸ். அங்கிருப்பவள் எங்கள் சபைக்காரி. ரசீது நனைந்துவிட்டது, அம்மா இடத்தில் என் பெயர் போட்டு வேறு தா என்றேன். பழையதைக் கிழித்துவிட்டுத் தந்தாள். அம்மா: கிரேஸ். பஸ்ஸில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். சந்தோஷமாகவும் இருந்தது.

ஜனவரி 10, சனி

ஸ்டெல்லா பத்து மணிக்கே வந்தாள், கருவாட்டுப் பொதியோடு. உடம்பு தேறியிருக்கிறது. ஜின்சி கேட் வரை ஓடினாள். எனக்காக ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. மீன் கறியில் உப்பு கூடிவிட்டது.

சாப்பிட்ட பிறகு ஸ்டெல்லா: "அக்கா, அந்த பீஸ் ரசீது காட்டுவீங்களா? எம் பேரு அதில உண்டுண்ணு பிள்ளை சொல்லிச்சு. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கடல் கொண்டுபோச்சு. ஒரு பேப்பர்ல பேரு கெடக்கத பாக்கணும்."

காணவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஜின்சி ஃபைலைக் கொண்டுவந்துவிட்டாள்.

ரசீது மலையாளத்தில். ஸ்டெல்லா தமிழ்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். "எனக்கு தமிழ் தானே வாசிக்க அறியும். நீ வாசி மக்கா."

ஜின்சி ரசீதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பெயரின் மேல் விரலை வைத்து, "அம்மா, ஸ்டெல்லா" என்று வாசித்தாள்.

"இதாக்கும் எம் பேரு?" ஸ்டெல்லா அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் ஜின்சி ரசீதை மடித்து ஃபைலில் வைத்தாள். "ஆன்ட்டிக்கு இது திங்களாழ்ச்சை ஆபீஸில கொடுக்கணும் தானே?"

ஜனவரி 12, திங்கள்

வெயில். ஃபைல் கொடுத்தாயிற்று, ரசீது இல்லாமல். வரி முழுசும் பிடிப்பார்கள். அநியாயம்தான். ஷீபாவுக்கு இந்த வருஷமும் இரண்டு கிளிப்.

ஸ்கூலுக்குப் போய் ஸ்டெல்லா பெயரிலேயே திரும்ப எழுதி வாங்கினேன். சபைக்காரி முறைத்தாள். சாயங்காலம் ஜின்சியிடம் நீட்டினேன். மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டிக்க பேரு எங்க?"