மீன்தொட்டியில் டோலமைட்

மார்ச் 9, ஞாயிறு

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்து ஐந்து வாரமாகிறது; இன்னும் மீன் விடவில்லை. இன்றும் சோதித்தால் காரத்தன்மை குறைவு. தேயிலை மலையில் மண் புளித்தால் ஆட்களை வைத்து டோலமைட் கல்பொடி தூவ வைக்கும் மேற்பார்வைக் கண்டாக்கு நான். அந்தப் பழக்கத்தில் தொட்டியிலும் ஒரு பிடி தூவிவிட்டேன். அரை நிமிஷத்தில் உள்ளே மூடுபனி இறங்கிவிட்டது. கல்லே தெரியவில்லை.

மனைவி சரசு எட்டிப் பார்த்தாள். "அடுத்த மாசம் இதுலயே கொழுந்து எடுத்துரலாங்க."

ஹட்டனில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் நானாவுக்குப் போன் போட்டேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமெடுத்தது.

"அந்தக் கல்லுப்பொடி இதுல கரையாதுங்க. பில்டர் ஓடட்டும். அப்பச்சோடாவக் கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. தண்ணி சரியாகாம மீன் தர மாட்டேன்."

இரவுக்கு அப்பம் சுட வைத்திருந்த சோடா தொட்டிக்குப் போனது. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. காரமும் சரியாக நிற்கிறது. வியாழக்கிழமை வந்து இரண்டு மீன் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் நானா. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

அடுப்படியில் சரசு, என் மலையில் கொழுந்தெடுக்கும் அவள் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாளைக் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆட்களுக்கு நான் சொல்லவேண்டிய வேலை, டோலமைட் தூவுவது.