செல்வி அப்பா தந்த கிட்னி

என் அன்பான செல்வி அப்பாவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்கள் கல்லறைக்குப் போன பின்னும் பெயர் வாயில் வரவில்லை. நாளையோடு ஒரு வருசம். ஆண்டுப் பூசைக்கு எல்லோரும் போகிறார்கள், நான் மட்டும் போக முடியாது. இந்தத் தீவில், நம் மரைன் ஹில் வீட்டின் பின்னறையில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அடைந்து கிடக்கிறேன். கப்பல் ஊதுவது கேட்கிறது, கப்பல் தெரியவில்லை.

நீங்கள் உயிரோடு இருந்தபோது தந்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் என் ரத்தத்தில் ஒரு கிருமி ஏறியிருக்கிறது. அதுவும் உங்களிடமிருந்து வந்ததுதானாம். பலருக்குள் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் படுத்திருக்குமாம். இத்தனை வருசம் ஒரே தட்டில் சாப்பிட்டும் எனக்கு ஒட்டாதது, கிட்னியோடு வந்து சேர்ந்துவிட்டது. கோபமில்லை. நீங்கள் எதைத்தான் பாதியாகத் தந்தீர்கள்?

நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டேன். உங்கள் கிட்னியை என் உடம்பு விரட்டாமலிருக்க ஒரு மருந்து. அது உடம்பின் காவலைக் கட்டிப்போடுவதால் கிருமி ஏறுகிறது. குறைத்தால் காவல் எழும்பும், உங்கள் கிட்னியையும் சேர்த்துக் கடிக்கும். கிருமிக்குத் தந்த மாத்திரையும் சரியாகக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் திரும்புவேன்?

"குறைச்சிருங்க டாக்டர்" என்று மெயின்லேண்ட் டாக்டரிடம் போனில் சொன்னாள் செல்வி.

"தொடக் கூடாது. இது உங்கப்பாவோடது" என்று கத்தினேன்.

உங்கள் மகள்தானே, விடுவாளா? "அப்பா கல்லறையில இருக்காரும்மா. உன் வயித்துல இல்ல."

அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

நம் பேத்தி ஜென்சி நர்சிங் படிக்கிறாள். அஞ்சாம் கிளாசோடு நின்ற எனக்கு அவள் விளக்கிச் சொன்ன அழகைப் பார்க்க நீங்கள் இல்லையே. அறை வாசலைத் தாண்டாமல் நின்றே சொன்னாள்.

"அம்மாச்சி, உடம்பக் காவல் காக்குற டி செல்லுல இன்னொரு ரகம் இருக்கு. காமா டெல்டான்னு பேரு."

"கப்பல் பேரு மாதிரி இருக்குடி."

"கேளு கெழவி. மத்த டி செல்லுக்கு ஒருத்தர் கிருமிய எடுத்துக் காட்டணும். இதுக்கு வேணாம். கிருமி புகுந்த எடத்த அதுவே கண்டுபிடிச்சிரும். உன் ரத்தத்துல அது பெருகுதாம். நல்ல குறிதான்."

"அப்ப கிருமி போயிருமா?"

"அப்படி யாரும் சொல்லல. அடுத்த ரிப்போர்ட் வரைக்கும் பாப்போம்னாரு டாக்டர். அப்பவும் கிருமி எறங்கலேன்னா மருந்தக் குறைச்சுத்தான் ஆவணும்."

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் யார் சொல்லுக்கும் காத்திராமல் படகைக் கட்டக் கயிறு வீசியவர் நீங்கள். எனக்கு அந்த ரகத்தைப் பிடித்துவிட்டது. ரத்தம் பரிசோதனைக்கு மெயின்லேண்டுக்குப் போயிருக்கிறது. மழையில் விமானம் தாமதமாம். காத்திருப்பதைத் தவிர எனக்கு என்ன வேலை?

இன்று காலை நானே செல்வியைக் கூப்பிட்டேன். "எறங்கலேன்னா குறைக்கச் சொல்லிரு" என்றேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கட்டிப்பிடிக்கவும் அனுமதியில்லை.

நீங்கள் போனபோது என்னை யாரும் கேட்கவில்லை. இந்தமுறை உங்களை அனுப்பிவைக்க என்னைக் கேட்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை, செல்வி அப்பா.

ஆனாலும் வாக்குத் தருகிறேன். உங்கள் கிட்னியைக் கடைசிவரை பிடித்துப் பார்ப்பேன். அது போய்த்தான் ஆக வேண்டுமென்றால், கூடவே கிளம்பி வந்துவிட மாட்டேன். நீங்கள் அறுத்துத் தந்தது நான் இருப்பதற்காகத்தானே? இருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வியின் அம்மா, ஜென்சியின் அம்மாச்சி