வெள்ளம் வடியும் வரை கார் வேண்டாம்

இருபத்தெட்டு மணி நேரமாக மழை விடவில்லை. நீங்கள் தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. கிள்ளான் ஆற்றோரத்து ஜனங்களை என் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கிணற்றில் மருந்து கலக்க அளவு தெரிந்த ஆள் வேண்டுமாம். நான் பி.எஸ்ஸி. படித்தது இதற்காவது உதவட்டும். தண்டவாள வேலை பார்க்கும் சடையப்பன் அண்ணனோடு ரயில் மேட்டில் நடந்தே போகிறேன்.

சோறும் புளிக்குழம்பும் அடுப்பருகே இருக்கின்றன. கருவாட்டை மூடி வைத்திருக்கிறேன், பூனை பார்த்துவிட்டது.

என்னை அழைத்துவரக் காரில் கிளம்ப வேண்டாம். போன மழையில் என்னை அழைக்க வந்து நீங்கள் பாலத்தடியில் மாட்டிக்கொண்டபோது, தண்டவாளத்தைக் காக்க வேண்டிய ஆறு பேர் வந்து காரைத் தள்ளினார்கள். இன்று சடையப்பன் அண்ணன் வாசலிலேயே கேட்டுவிட்டார்: "ஐயாவ இன்னைக்கு வீட்டுல கட்டிப்போடுங்கம்மா. நாங்க லைனப் பாப்பமா, அவரு காரத் தள்ளுவமா?" எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதன்பிறகு இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்கள் வந்தது எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஆறு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றதுதான் பொறுக்கவில்லை.

சாயங்காலம் சடையப்பன் அண்ணனின் ஆட்களே என்னைக் கொண்டுவந்து விடுவார்கள்.

பி.கு.: குடையை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நீங்கள் சத்தியம் செய்தாலும், மழை வலுத்தால் கிளம்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கொட்டகையில் வீணாகத் தேட வேண்டாம். காரின் முன்னால் செருகிச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி என் பையில் இருக்கிறது.