கொடியை அறுக்காத திருடன்

ஜூன் 15, ஞாயிறு.

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் மிளகு திருடிய பதினாறு வயதுப் பையனுக்கு வெள்ளிக்கிழமை வழக்கு. இன்று தோட்டத்தின் சொந்தக்காரர் ஹாஜியார் மிளகுக் கொடிகளைக் காட்டினார்.

"உள்ள போட்டாத்தான் இவனுகளுக்குப் புத்தி வரும், சேர்!"

"நல்லாப் பாருங்க ஹாஜியார். பழுத்த கதிர மட்டும் பறிச்சிருக்கான். ஒரு கொடியும் அறுபடல. உங்க ஆள் இப்படிப் பறிப்பானா?"

அவர் சிரித்துவிட்டார். "அவன் பிஞ்சையும் சேத்து உருவுவான். இவன் வேலைக்கு வந்தா வேணாங்க மாட்டேன்."

அதையே பையனின் வழக்கைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எழுதினேன்: அந்தக் கைக்கு வேலை கொடுங்கள், பூட்டி வைக்காதீர்கள்.

பையனின் அப்பன் வேலித் தகராறில் எனக்கெதிராகச் சொன்ன பொய்யை நான் மன்னிக்கவில்லை. அந்த அப்பனுடைய நன்றியும் எனக்கு வேண்டாம். காலையில் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுவேன்.