துரைக்கு மூன்று சோதனை

மார்ச் 3
பொலிகாளை வந்து இறங்கியது. தூரத்துச் சீமையிலிருந்து லாரியில் நின்றே வந்தும் களைப்பில்லை. எங்களில் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "வந்துட்டாரு துரை!" என்றாள் மனைவி. பெயர் ஒட்டிக்கொண்டது. என்னை இத்தனை வருடத்தில் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டிருப்பாளா?

மார்ச் 4
மாட்டு டாக்டரம்மா வந்து காளையிடமிருந்து சோதனைக்கு மாதிரி எடுத்துப் போனார். விற்றவர் அங்கேயே சோதித்துத்தான் கொடுத்தார் என்றேன்.
"அது ஒரு தடவை பார்த்தது. அந்தப் பக்கம் கரு கலைக்கிற நோய் இருக்கு, நம்ம பக்கம் இல்ல. காளை மேல ஒண்ணும் தெரியாது. சேர்ற பசுவுக்கெல்லாம் குடுத்துட்டு கம்முனு நிக்கும். மூணு தடவை பார்க்கணும். அதுவரைக்கும் தனியா கட்டுங்க."
தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்தில்தான் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

மார்ச் 13
முதல் சோதனை: ஒன்றுமில்லை.

மார்ச் 15
காலையிலேயே சம்பந்தி பசுவோடு வாசலில். அவர்கள் வீட்டில் அதிகம் கறப்பது அதுதான்.
"ராத்திரியெல்லாம் கத்துது சம்பந்தி. இந்தப் பருவம் தப்பக்கூடாது. எங்க காளை இருக்கு, ஆனா இதுக்குத் துரையோட கன்னுதான் வேணும்."
இன்னும் இரண்டு சோதனை பாக்கி என்றேன்.
"முதல் பரீட்சையில பாஸாயிட்டாருல்ல? உங்களைவிட அவர் தேவலை!"
சிரித்தார். நானும் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்த இடம். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? காளையை அவிழ்த்துவிட்டேன்.

மார்ச் 27
இரண்டாவது சோதனையில் நோய் இருக்கிறதாம். மருந்து கிடையாது. காளையைக் கறிக்குத்தான் அனுப்ப வேண்டும்.
"எந்தப் பசுவோடயாவது சேர்ந்துச்சா?" என்று டாக்டரம்மா போனில் கேட்டார். இங்கே இல்லை என்றேன். பிறகு, சம்பந்தி வீட்டுப் பசுவோடு என்றேன். "உடனே போய்ச் சொல்லுங்க" என்று போனை வைத்தார்.

மார்ச் 28
நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்வதா இதை? சம்பந்தி கத்தியிருந்தால் தேவலை. நிதானமாகக் கேட்டார்:
"உங்க மாட்டுல ஒண்ணாவது அதோட சேர்ந்துச்சா?"
"இல்ல... டாக்டரம்மா தனியா கட்டச் சொன்னாங்க..."
"அப்ப உங்க மாட்டைப் பத்திரமா வச்சுக்கிட்டீங்க."
ஐயோ, அப்படி இல்லையே! ஆனால் நடந்தது அப்படித்தானே? மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பசு அவர்கள் காளையோடுதான் மேய்கிறதாம்.

ஏப்ரல் 2
துரையை ஏற்றி அனுப்பினோம். மனைவி வெளியே வரவில்லை.

மே 19
மகள் பேசினாள். பசுவுக்குக் கரு நிற்கவில்லை. அவர்கள் காளைக்கும் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பசுக்களுக்கும்.
"நான் வரட்டுமாம்மா?"
"வந்து என்னப்பா பண்ணுவீங்க?"
சரியான கேள்வி. காலையிலிருந்து யோசிக்கிறேன்.

மே 31
மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய்க் கன்றுகளைத் தடவுகிற மாப்பிள்ளை, இன்று கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மழை வருமா என்று இரண்டு தடவை பேசிக்கொண்டோம். புறப்படும்போது வாசல் குழாயைத் திறந்து செருப்பைக் கழுவினார். மகளையும் கழுவச் சொன்னார். அது செருப்பில் ஒட்டுகிற நோய் இல்லை மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சொம்பில் பிடித்து அவள் காலடியில் நானே ஊற்றினேன்.