தடிக்கு இன்னொரு செருப்பு

அக்கா, இன்றைக்குக் காலையில் உன் தடியை பீரோ மேலிருந்து இறக்கினேன். என் வலது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. "படி ஏற எறங்க ஒரு ஸ்டிக் வெச்சிக்கோங்க" என்றார். வாங்குவானேன், எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அதை எடுக்க ஏழு நாள் ஆயிற்று. உறையிலிருந்து உருவியதும் நான்கு துண்டும் உள்ளே ஓடுகிற ரப்பர் கயிற்றின் இழுப்பில் டக், டக், டக் என்று தானாகவே பூட்டிக்கொண்டு நின்றன. அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷைத் தடவிப் பார்த்தேன். வலது ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. நீ அந்தப் பக்கம்தான் சாய்ந்து நடப்பாய். மூக்கருகே கொண்டுபோனேன். அந்த ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை.

உனக்கு இந்தத் தடியை வாங்கியவன் நான். வாங்கிக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசியவனும் நான்தான். அதனால் இதை நான்தான் எழுதவேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நின்றவள் நீ. அந்த சிமெண்டுத் தரையும் அந்தப் பெரிய அண்டாவும் சேர்ந்து உன் இரண்டு முட்டியையும் தின்றுவிட்டன. நீ ரிட்டையர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மாமா போய்ச் சேர்ந்தார். திருமுக்கூடல் ஆற்றங்கரையில் அவருக்குக் காரியம் முடித்துவிட்டுத் திரும்பும்போது வேனில் நீ சொன்ன ஒரே வார்த்தை, "ராமேஸ்வரம் போலாம் போலாம்னு சொல்லிக்கினே போய்ட்டாருடா." அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதிலிருந்து உனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருக்கிற இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் மாமா பேரைச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொள்ளவேண்டும். பிள்ளை இருந்தால் அவன் செய்வான், இல்லாததால் நான் செய்கிறேன் என்பாய். பக்கத்து வீட்டு சரோஜாக்கா ஆள் சேர்த்து ஒரு டூர் பஸ் பேசினபோது முதல் பேராக உன் பேரைத்தான் எழுதச் சொன்னாய். "அந்த இருபத்திரெண்டையும் ஆடிட்டு வந்துட்டா போதும்டா. அப்புறம் எனுக்கு ஒண்ணும் வேணாம்."

தடி வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னதும் முறைத்தாய். "இன்னாடா, என்ன கெயவி ஆக்கப் பாக்கிறியா?" என்றாய். நீ அறுபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எனக்குத் தெரியாத தடியா? உத்திரமேரூர் – காஞ்சிபுரம் வண்டியில் அத்தனை வருஷம் கண்டக்டராக நின்றவன். வயசானவர்கள் பஸ் ஏறுவதை என்னைவிட உற்றுப் பார்த்தவன் எவனும் இருக்கமாட்டான். ஒரு கையில் தடி, ஒரு கையில் பை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவார்கள்? வளைந்த பிடி வைத்த மரத்தடியை மேல் கம்பியில் மாட்டுவார்கள், அது அடுத்த திருப்பத்தில் யார் தலையிலாவது விழும். சீட்டுக்கடியில் போட்டால் உருண்டு டிரைவர் காலடிக்குப் போகும். ஒரு பெரியவர் இறங்கிப்போய், அவர் தடி மட்டும் காஞ்சிபுரம் போய்த் திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. ஆகவே மடக்குகிற தடிதான் என்று முடிவு பண்ணினேன். லேசாக இருக்கவேண்டும், மடியில் வைத்துக்கொண்டால் தெரியக்கூடாது, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறு வேண்டும், அப்போதுதான் ஏறும்போது இரண்டு கையும் கம்பிக்குக் கிடைக்கும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் பாரிமுனைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி, இந்த அலுமினியத் தடியைத் தேர்ந்தெடுத்தேன்.

உன்னை வாசலில் நிறுத்தி அளந்தேன். "செருப்ப போட்டுக்கினு நில்லுக்கா, அப்பதான் அளவு கரெக்டா வரும்" என்றேன். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு எலும்புக்கு நேராக வரவேண்டும். அதற்குத் தகுந்த துளையில் பொத்தானை உட்கார வைத்தேன். நீ தெருமுனைக் குழாய் வரை போய்த் திரும்பி வந்தாய். முகத்தில் ஒரு வெட்கமும் சிரிப்பும். "பூ மாதிரி கீதுடா" என்றாய். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆனால் நீ தடியை உள்ளே கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றினாய், பக்கத்திலேயே தடியையும் சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

"இன்னாக்கா, அத்த வெளிய வுட்டுட்ட?"

"ரோட்ட மிதிச்ச குச்சிடா."

"அதுக்குத்தான மடக்குறது? மடக்கிப் பையில போட்டுக்கோ."

"எந்தப் பையில? துன்னூறும் மாத்துப் பொடவையும் வெக்கிற பையிலயா? போற வய்யில அங்கங்க பஸ்ஸ நிறுத்துவான். கக்கூஸ்ல இத்த ஊனிக்கினுதான் நான் எயுந்திருக்கணும். அங்க ஊனின குச்சிய அப்படியே சாமிகிட்ட எத்துக்கினு போவச் சொல்றியா?"

சொல்லிவிட்டு மறுபடி வாசலுக்குப் போய்த் தடியைத் தலைகீழாகத் தூக்கி, அந்த ரப்பர் புஷ்ஷை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாய். "இதான் தடியோட செருப்பு. நம்ம செருப்ப எப்படி கோயில் வாசல்ல வுடுறமோ, அப்படி இத்தயும் கயட்டி வுட்டுடலாம். ஆனா வெறுங்காலா போனா இது உள்ள வயிக்கி வுட்டுடும். கோயிலுக்குள்ள போட்டுக்கறதுக்குனு இன்னொரு செருப்பு வாங்கினு வாடா. ரோட்டுக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு."

நான் சிரித்துவிட்டேன், அக்கா. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தேன். "தடிக்கு ரெண்டு செருப்பா? எனுக்கே ஒரு ஜோடிதாங்கா கீது" என்றேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "மறந்துடாதடா" என்றாய்.

மறுநாள் அதை டிரைவரிடம் சொன்னேன். அவர் ஹாரனை அடித்துச் சிரித்தார். முன்சீட்டுக்காரர்களிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், டிப்போவில் சொன்னேன். தடிக்குச் செருப்பு கேட்ட அக்கா என்று உன்னை ஒரு வேடிக்கையாக்கினேன். வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லியே அது நீ எனக்குச் சொன்ன ஒரு வேலை என்பது மறந்துபோயிற்று.

காஞ்சிபுரத்தில் என் வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு கடை உண்டு. இடுப்புப் பெல்ட், வென்னீர்ப் பை, தடி எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை அதன் முன்னால் நின்றேன். வண்டி எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் டீ குடித்தேன்.

புறப்படுகிற நாளைக்கு முந்தின சாயங்காலம், பையைக் கட்டிக்கொண்டே கேட்டாய். "அந்த செருப்பு இன்னாடா ஆச்சி?"

"ஐயோ, மறந்தே போச்சிக்கா. இன்னா இப்ப, கோயில் வாசல்ல நல்லா கயுவிட்டு எத்துக்கினு போ. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"சரி" என்றாய். அப்புறம் பையின் வாயைக் கட்டினாய். அதோடு விட்டுவிட்டேன். சத்துணவுக் கூடத்தில் அரிசி பத்தவில்லை என்றால்கூட அதிகாரியிடம் மல்லுக்கு நிற்கிறவள், என்னிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் சரி சொல்லியிருக்கிறாய். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறு நாள் கழித்து நீ வந்து இறங்கினபோது பஸ்ஸடிக்கே ஓடிவந்தேன். தடியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இறங்கினாய். எனக்கு நெஞ்சு பூரித்தது.

"தடி எப்டிக்கா?"

"அது இல்லாங்காட்டி நான் அவ்ளோ தூரம் போயே இருக்கமாட்டன்டா."

"இருபத்திரெண்டும் ஆடினியா?"

"எல்லாம் ஆச்சி, எல்லாம் ஆச்சி. நீ சாப்ட்டியா? மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கீது?" என்று ஒரு சின்ன பாட்டிலில் தீர்த்தத் தண்ணீரை என் கையில் வைத்தாய்.

அதற்கப்புறம் என் வண்டியில் முட்டி பிடித்துக்கொண்டு ஏறிய ஒருவரையும் நான் விட்டதில்லை. எங்க அக்கா இந்த மாதிரி ஒரு தடியை வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு கிணறும் ஆடிவிட்டு வந்தாள், நீங்களும் வாங்குங்கள் என்று டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். அதைக் கேட்டு வாங்கினவர்களும் உண்டு.

அந்த வருஷமே மார்கழியில் மூன்றே நாள் காய்ச்சல், போய்விட்டாய். பதினாறாம் நாள் வந்திருந்த சொந்தக்காரர்களிடம் அழுதுகொண்டே நான் அதையேதான் சொன்னேன். எங்கக்காவுக்கு ஒரு குறையும் இல்லை, மாமாவுக்காக இருபத்திரண்டும் ஆடிவிட்டுத்தான் போனாள் என்றேன். இலை எடுத்தபிறகு சரோஜாக்கா என்னைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பேச்ச இனிமே பேசாதப்பா. என்னால கேட்டுக்கினு நிக்க முடியல. உங்கக்கா ஆடலப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"கடல்ல முங்கி எயுந்துட்டு ஈரத்தோட எல்லாரும் கோயிலுக்குப் போனோம். வாசல்ல தடியில இருந்து அந்த ரப்பரப் புடுங்கி செருப்புகூட வெச்சா. கயுவிக் குடுக்கிறேன், போட்டுக்கோன்னு சொன்னேன். வேணாம், அது கண்ட எடத்துல நின்னதுன்னுட்டா. வெறும் தடியோட வந்தா. உள்ள ஒரே தண்ணி. மொத கெணத்துகிட்டயே தடி சர்ருனு வயிக்கி வுட்டுச்சி. நான் புடிச்சிட்டேன், ஆனா பயந்துட்டா. 'நான் வுயிந்து கால ஒடச்சிக்கினா பஸ்ல வந்த நாப்பது பேருக்கும் பேஜாரு, நீங்க போங்க சரோஜா, நான் வாசல்ல ஒக்காந்து செருப்புங்களப் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டா. நாங்க ஆடி முடிச்சி வர்ற வரைக்கும் ஈரப் பொடவையோட அங்கயே ஒக்காந்துக்கினு கெடந்தா. அந்த பாட்டில் தண்ணிகூட நான் புடிச்சாந்து குடுத்தது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"தம்பி ஆசையா வாங்கினு வந்தான், அவன்கிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடுவான்னு சத்தியம் வாங்கினாப்பா."

முதலில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, "டேய், நீ மறந்ததாலதான்டா" என்று என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? அடுத்த அமாவாசைக்கே உன்னை நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேனே. கையைப் பிடித்துக் கிணறு கிணறாக நடத்தியிருப்பேனே. எட்டு மாசம் இருந்ததே, அக்கா. அந்த எட்டு மாசமும் நான் உன்னை வைத்துப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன், நீ கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாய். ஒரு தடவை நான் உன் எதிரிலேயே யாரிடமோ அந்தக் கதையை அளந்துகொண்டிருந்தபோது நீ எழுந்து உள்ளே போனாய். காபி போடப் போகிறாய் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கோபம் என் பக்கம் திரும்பிற்று, இன்னும் அங்கேதான் இருக்கிறது. பஸ் ஏறுவதற்குத் தோதாக ஒரு தடியைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறேன். நீ பஸ் ஏறப் போகவில்லை, கோயிலுக்குப் போனாய். உன்னைச் செருப்புப் போட்டு நிற்கவைத்து அளந்தேன். நீ நடக்கவேண்டிய இடத்தில் யாரும் செருப்புப் போட்டுக்கொள்வதில்லை. கண்டக்டர் புத்தி படிக்கட்டோடு நின்றுவிட்டது. உன் புத்தி கோயில் வாசல் வரை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்ன வேண்டும் என்று எனக்குத் தெளிவாகச் சொன்னது. நான்தான் சிரித்தேன்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே அந்த எதிர்க் கடைக்குப் போனேன். உன் தடியின் சைஸைச் சொல்லி, ஒரு புஷ் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் துழாவிக்கொண்டே, "பழசு தேஞ்சிடுச்சா சார்?" என்றார்.

"இல்லப்பா. அது ரோட்டுக்கு. இது கோயிலுக்குள்ள போட்டுக்க."

அவர் சிரிக்கவில்லை. புஷ்ஷைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல ஐடியாவா கீதே சார். இத்தினி வருஷத்துல யாரும் இப்படி கேட்டதில்ல."

"ஒருத்தி கேட்டா" என்றேன். வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது, புறப்பட இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருந்தது.

அன்றிலிருந்து அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ரிட்டையர் ஆகிக் காக்கிச் சட்டையைக் கழற்றினபோது, பையில் இருந்த பென்சிலை எடுத்துப் போட்டேன், இதை மட்டும் வெள்ளைச் சட்டைக்கு மாற்றிக்கொண்டேன். துவைக்கப் போடும்போதெல்லாம் வீட்டில் எடுத்து வைத்துவிடுவார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் அது தரையைத் தொடவில்லை.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறேன். சரோஜாக்காவும் வருகிறாள். உன் தடியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். நான் உன்னைவிட உயரம், பொத்தானை இரண்டு துளை மேலே ஏற்றவேண்டும். காலையிலிருந்து அதை அமுக்க மனசு வராமல் உட்கார்ந்திருக்கிறேன், ஏற்றித்தான் ஆகவேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவேன். தடியின் செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் வைப்பேன். சட்டைப்பையில் இருப்பதை எடுத்து மாட்டுவேன். இருபத்திரண்டு கிணற்றிலும் முதல் வாளிக்கு மாமா பேரையும், இரண்டாவது வாளிக்கு உன் பேரையும் சொல்வேன்.

நீ என்னிடம் கேட்டது இதெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும், அக்கா. நீ கேட்டது ஒரே ஒரு ரப்பர் புஷ்.